வரிமாட்டின் நெற்றியில் மஞ்சள்

1

இந்த வருஷம் மாட்டுப் பொங்கல் முடிந்த கையோடு, ஒரு கிடாரியின் நெற்றியில் மஞ்சள் எப்படி வந்தது என்று விளக்கி, கொரிய அதிகாரிகளுக்கு மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். மலேசியாவில் எங்கள் நியாலாஸ் பக்கம் மாடு வைத்திருக்கிறவர்கள் இதைப் படித்தால் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம். உங்களிடம் யாராவது இப்படிக் கேட்டிருந்தால், கேட்டவரை உட்காரவைத்து மோர் கொடுத்து, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரித்திருப்பீர்கள்.

நியாலாஸ் தோட்டத்தில் பிறந்த நான், கால்நடை அறிவியல் படிக்கப்போகிறேன் என்று தென்கொரியாவுக்கு வந்தவள். படிப்பு முடிந்தது, திரும்பவில்லை. மின்ஹோ என்ற கொரியக்காரரைக் கட்டிக்கொண்டு, மீனா என்று ஒரு பெண்ணைப் பெற்று, இது எனக்கு இங்கே இருபதாவது பொங்கல். வேலை, மலையடிவாரத்தில் ஒரு பண்ணையில். கொரியாவுக்கே சொந்தமான மாடு, ஆடு, பன்றி, கோழி இனங்கள் அழிந்துபோகாமல் பார்த்துக்கொள்கிற பண்ணை அது. நியாலாஸில் என் அண்ணன் முருகேசு என் உத்தியோகத்தை இன்னும் சுருக்கமாகச் சொல்வார்.

"எந்தங்கச்சி கொரியாவுல மாட்டுக்கு ஜாதகம் எழுதுறா லா."

பன்றியும் இருப்பதை அவர் சொல்வதில்லை. சம்பந்தி வீட்டார் காதில் விழுந்துவிடும் என்று பயம்.

2

ஜாதகம் என்பது ஒன்றும் மிகையில்லை. எங்கள் பண்ணையில் கன்று விழுந்தால் காதில் பன்னிரண்டு இலக்க எண். பிறகு மூக்கில் மை தடவி ரேகை. மாட்டுக்கு மூக்கு ரேகை நமக்குக் கைரேகை மாதிரி, ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. பிறகு வாலிலிருந்து வேரோடு பிடுங்கிய நாலு முடி, ஒரு காகித உறைக்குள். வேர் இல்லாத முடி வெறும் முடி, அதை வைத்து மரபணு பார்ப்பது சிரமம். அப்பன், அப்பனுக்கு அப்பன், ஆத்தா, ஆத்தாளுக்கு ஆத்தா என்று பெயர்கள் கிளைவிட்டு ஓடும். உறைகுளிர் தொட்டியில் காளைகளின் விந்து சேமித்திருக்கிறோம். செத்து வெகுகாலமான சில காளைகள் இன்னும் அப்பாவாகிக்கொண்டே இருக்கின்றன.

எனக்குக் கல்யாணப் பதிவு செய்யப் போனபோது என் குடும்பப் பத்திரங்களைக் கேட்டார்கள். அண்ணன் ஜாசினில் ஓர் அலுவலகத்தில் பழியாகக் கிடந்து, தாத்தாவின் தோட்டத்துச் சீட்டு ஒன்றின் நகலை வாங்கி அனுப்பினார். அதில் தாத்தாவின் பெயர், தமிழ், ஆண், கூலி. அவ்வளவுதான். இங்கே கொரியக் குமாஸ்தா அம்மாள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் காலி.

"இவருடைய அப்பா யார்?" என்றாள்.

"தெரியாது."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. அன்றைக்கு என் இடத்தில் எங்கள் பண்ணை மாடு நின்றிருந்தால் ஐந்து நிமிஷத்தில் கல்யாணம் முடிந்திருக்கும்.

இங்கே இனத்தைக் காப்பதிலும் ஒரு தமாஷ் உண்டு. கறுப்புப் பன்றியைப் பொக்கிஷம் என்று அரசாங்கம் அறிவித்திருக்கிறது. அதே பன்றியின் சிரித்த முகம் போட்ட பலகையை வைத்து, தெரு முழுக்க அடுப்பு மூட்டி வாட்டித் தின்கிறார்கள். கேட்டால், தின்ன ஆள் இருந்தால்தானே வளர்க்க ஆள் வரும் என்கிறார்கள்.

மாட்டுக் கதை இன்னும் விசேஷம். ஒரு காலத்தில் மஞ்சள்பழுப்பு மாடுதான் உண்மையான கொரிய மாடு என்று முடிவு கட்டி, கறுப்பு மாட்டையும் வரி போட்ட மாட்டையும் ஓரங்கட்டினார்கள். அவை கைவிரல் மடக்கி எண்ணும் நிலைக்கு வந்த பிறகு, ஐயோ என்று தேடிப்பிடித்துக் காப்பாற்றக் கிளம்பினார்கள். அந்த வரி மாட்டுக்குச் சிக்சோ என்று பெயர். பழுப்பு உடம்பில் காட்டுக்கொடி சுற்றியதுபோல் கறுப்பு வரி ஓடும். இப்போது சட்டம் என்ன தெரியுமா? சிக்சோ கன்றுக்கு வரி போதாவிட்டால் அது சிக்சோ இல்லை. வரி இருந்ததற்காக விரட்டியவர்களின் வாரிசுகள், வரி இல்லாததற்காக விரட்டுகிறார்கள்.

3

செல்லி அப்படிப்பட்ட கன்று. பதிவேட்டில் பன்னிரண்டு இலக்கம், என் வாயில் மட்டும் செல்லி. அவளை ஈன்ற இரண்டாம் நாள் தாய் செத்துவிட்டது. புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள் நான். நெற்றியில் மட்டும் அழகான வரிகள். விலாவில் ஏதோ நாலு கோடு. பின்புறம் சுத்தமாக ஒன்றுமில்லை.

ஆனால் செல்லியின் தாய்வழியில் எங்களிடம் வேறு உயிர் கிடையாது. அந்தத் தாய், அவள் தாய், அவளுக்கும் தாய் என்று போகிற ஒரு சரடு, இந்த ஒரு கிடாரியின் உடம்பில் வந்து நிற்கிறது. சின்ன மந்தைக்கு இப்படி வேற்று ரத்தம் எவ்வளவு தேவை என்பதைப் படிப்பதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். எல்லாம் ஒன்றுக்கொன்று சொந்தமாகிப்போன மந்தையில் கன்றுகள் சோனியாகும், சினை நிற்காது, ஒரு நோய் வந்தால் மொத்தமும் சாயும். வரியை அளந்து பார்க்கும் தனி ஆய்வில் செல்லி தேறாவிட்டால் பதிவேட்டிலிருந்து பெயர் போகும். பெயர் போனால் அவள் சாதாரண இறைச்சி மாடு. லோரி வரும், சரடு அறுந்துபோகும்.

ஆய்வு பொங்கலுக்கு அடுத்த வாரம் என்று சொல்லியிருந்தார்கள்.

4

மீனாவுக்குப் பதின்மூன்று வயது. தமிழில் அவளுக்கு நாலு வார்த்தை தெரியும்: வா, போ, சாப்பாடு, போதும். என்னிடம் பேச இது போதும் என்று அவள் நினைக்கிறாள். சாப்பாட்டு டப்பாவில் மஞ்சள் வாசம் வந்தால் திருப்பிக் கொண்டுவந்துவிடுவாள்.

பள்ளிக்கூடத்திலிருந்து ஒவ்வொரு பருவமும் ஒரு கடிதம் வரும். 'பல்பண்பாட்டுக் குடும்பத்துப் பிள்ளை' என்று அவளை அன்போடு அழைத்து, கொரிய மொழி தடுமாறும் பிள்ளைகளுக்கான இலவச வகுப்பில் சேரச் சொல்லும். போன வருஷம் கொரியக் கட்டுரைப் போட்டியில் அவள்தான் முதல் பரிசு. பரிசு வாங்கிய வாரத்திலேயே மறுபடியும் கடிதம் வந்தது.

மீனா அதை என் மேசையில் வைத்து, "அம்மா, எனக்கு மூக்கு ரேகை எடுத்தாச்சா?" என்று கொரிய மொழியில் கேட்டாள்.

நான் சிரித்துச் சமாளித்தேன். அவள் சிரிக்கவில்லை. தூய இனம், கலப்பினம் என்று நாளெல்லாம் கட்டம் போட்டு நிரப்பிவிட்டு வீட்டுக்கு வருகிற அம்மாவிடம் பிள்ளை வேறென்ன கேட்பாள்?

5

மாட்டுப் பொங்கல் அன்று காலையில் அண்ணன் வீடியோ கால் போட்டார். பின்னால் கொட்டாயில் அவருடைய ஆறு மாடும் ஒரு காளையும் மாலையோடு நின்றன. கொம்புக்குப் பச்சைப் பெயின்ட். நெற்றியில் அப்பிய மஞ்சள் குங்குமம்.

"பசியாறிட்டியா மா? அங்க மாட்டுக்குப் பொட்டு வெச்சியா?"

"இங்க அதெல்லாம் கூடாது அண்ணே."

"என்னா கூடாது? அத்தன மாட்ட வெச்சுக்கிட்டு ஒண்ணுக்குக்கூட பொட்டு வெக்கலன்னா, பாவம் லா. வாயில்லா சீவன்."

பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "தோட்டத்துல சூராட் குடுத்துட்டான் மா, காலி பண்ணச் சொல்லி நோட்டீசு" என்றார். எண்ணெய்க்காக நட்ட செம்பனைக் கன்றை மாடு கடிக்கிறதாம், மாசக் கடைசிக்குள் கொட்டாயைப் பிரித்து மாட்டையெல்லாம் வெளியேற்ற வேண்டுமாம். "எனக்கு இருக்குறது புக்கிட் காத்தில்ல, வரிசையா ஒட்டிக் கட்டுன தாமான் வீடு. அங்க கட்டவா முடியும்? ரொம்ப கஷ்டமா, சுசாவா இருக்கு. நீ படிச்சவ, என்னா செய்யலாம் சொல்லேன்."

"சாயங்காலம் பேசலாம் அண்ணே, இப்ப வேலைக்கு நேரமாச்சு" என்று வைத்துவிட்டேன்.

மனசுக்குள் பொட்டு விஷயம்தான் உறுத்திக்கொண்டிருந்தது. கறிக்காக ஜாசின் பாசார்ச் சந்தையில் வாங்கிய மஞ்சள்தூள் என் அலுவலக இழுப்பறையில் இருக்கும். மதியம் எல்லாரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து, தண்ணீரில் குழைத்து எடுத்துக்கொண்டு, திருடியைப்போல் கொட்டகைக்குள் போனேன். வெளியே எல்லாம் உறைந்து கிடந்தது. செல்லி தலையை நீட்டிக் கொடுத்தாள். நெற்றி முழுக்கத் தாராளமாக இழுத்துவிட்டேன். அவள் மூச்சு என் கையில் சூடாகப் பட்டது. இருபது வருஷத்தில் முதல் தடவையாக எனக்குப் பொங்கல் வந்தது.

மூன்று மணிக்குப் பண்ணைத் தலைவர் பாக் எல்லாரையும் கூப்பிட்டார். பக்கத்து மாவட்டத்தில் கோமாரி எச்சரிக்கை. நடமாட்டத்தை நிறுத்துவதற்கு முன்பு ஆய்வை முடித்துவிட வேண்டும். அதிகாரி நாளைக் காலையே வருகிறார்.

வரி அதிகமாக உள்ள ஒரே இடம் நெற்றி. அதைத்தான் நான் பூசி மறைத்து வைத்திருந்தேன்.

6

குழாயில் தண்ணீர் உறைந்துவிட்டது. கெட்டிலில் வெந்நீர் கொண்டுபோய் ஊற்றித் தேய்த்தேன். மஞ்சள் அசையவில்லை. கை கழுவும் இடத்திலிருந்து சோப்பை எடுத்துவந்து நுரைக்க நுரைக்கத் தேய்த்தேன்.

நீங்கள் இப்போதே தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் ஆரத்தி. சோப்பு சேர்ந்தாலும் அதேதான். நம் வீட்டில் புதுச்சட்டையில் குழம்பைக் கொட்டிக்கொண்டு சோப்பு போட்ட எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. கால்நடை அறிவியலில் முனைவர் பட்டம் வாங்கிய எனக்கு மட்டும் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. செல்லியின் நெற்றி சிவந்தது. தேய்க்கத் தேய்க்க இன்னும் சிவந்தது.

மறுநாள் அதிகாரி வந்தார். வரியை அளக்கும் கட்டம் போட்ட பிளாஸ்டிக் தாளோடு செல்லியிடம் போனவர், நின்ற இடத்திலிருந்து இரண்டடி பின்வாங்கினார்.

"இது என்ன, ரத்தமா?"

கோமாரி எச்சரிக்கை நேரத்தில் இந்த ஒரு வார்த்தை போதும். அரை மணி நேரத்தில் கொட்டகையைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டார்கள். கடைசியில், "சார், அது மஞ்சள். நான்தான் பூசினேன்" என்றேன்.

பாக் என் பக்கம் திரும்பினார். "எதற்கு?"

"நன்றி சொல்ல."

"யாருக்கு?"

"மாட்டுக்கு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி கண்ணை மூடவில்லை, படிவத்தை எடுத்தார். 'வெளிப்பொருள் பயன்பாடு குறித்த விளக்கம்' என்று தலைப்பு. பொருளின் பெயர், தயாரித்தவர், அளவு, நோக்கம். நோக்கத்துக்கு நாலு கட்டம்: சிகிச்சை, தீவனம், ஆராய்ச்சி, மற்றவை. மற்றவைக்கு எதிரே ஒரு அங்குலம் இடம். இடம் போதாவிட்டால் தனித்தாள் இணைக்கலாம்.

நெற்றி தெரியாததால் அந்த இடத்துக்கு மதிப்பெண் பூஜ்யம். படம் மட்டும் எடுத்துக்கொண்டு போனார். செல்லியின் தலையெழுத்தை மூன்று வாரம் கழித்து ஒரு குழு கூடித் தீர்மானிக்கும், அதற்குள் என் விளக்கம் போய்ச்சேர வேண்டும் என்றார்கள்.

7

எனக்குப் பேச்சுக் கொரியம் சரளம். அரசாங்கத்துக்கு எழுதுகிற கொரியம் வேறு, அதில் நான் எழுதினால் மன்னிப்புக் கடிதம் சண்டைக் கடிதமாகிவிடும். மீனாவிடம் போய் நின்றேன்.

"அம்மா, எனக்கு வெட்கமாக இருக்கிறது" என்றாள். சொல்லிக்கொண்டே கணினியைத் திறந்தாள்.

நான் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். மஞ்சள் என்றால் என்ன, சோப்பு பட்டால் ஏன் சிவக்கும், தமிழர் ஏன் மாட்டுக்கு ஒரு நாள் ஒதுக்குகிறார்கள். நடுவில் நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்டாள். மாடு அன்றைக்கு வேலை செய்யாதா? அதுக்கும் சாப்பாடு ஊட்டுவீர்களா? மாமா வீட்டு மாட்டுக்குப் பெயர் உண்டா? எல்லாவற்றுக்கும் பெயர் சொன்னேன், வள்ளி, மயிலு, வெள்ளச்சி. அவள் ஒவ்வொன்றையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். மூன்று மாலை இப்படிப் போனது. அந்த மூன்று மாலையும் அண்ணன் கூப்பிட்டார். நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். அரசாங்கக் கடிதம் எழுதும்போது தோட்டத்துப் பஞ்சாயத்தை எங்கே கேட்பது?

குழு கூடிய நாளில் பாக் என்னையும் அழைத்துப்போனார். குழுத் தலைவர் விளக்கத்தை வாய்விட்டுப் படித்தார். நான் சொன்னதெல்லாம் முறையாக வந்தது. கடைசி இரண்டு வரி மட்டும் நான் சொன்னதில்லை.

'இந்தக் கன்றின் தாய்வழியில் வேறு மாடு இல்லை. வரி குறைவாகப் பிறந்தது அதன் குற்றம் இல்லை.'

யாருக்காக அந்த வரியை மீனா எழுதினாள் என்று எனக்குத் தெரியும். தலைவர் கண்ணாடியைக் கழற்றி, "மரபுச் சரடு ஒன்றே ஒன்றுதானா?" என்று பாக்கிடம் கேட்டார். ஆமாம் என்றார் பாக். அப்புறம் அவர்கள் ஒரு மணி நேரம் பேசி, எந்தக் கட்டத்திலும் அடங்காத செல்லிக்காகப் பதிவேட்டில் புதிதாக ஒரு கட்டம் திறந்தார்கள்: 'தோற்றம் குறைவு, மரபு தேவை.' செல்லி பிழைத்தாள்.

ஆய்வன்று எடுத்த படம்தான் பதிவேட்டுக்குப் போயிருக்கிறது. இனி அவள் வழியில் பிறக்கும் கன்றுகளின் ஜாதகத்தைத் திறந்தால், பாட்டி ஸ்தானத்தில் நெற்றி நிறையக் குங்குமச் சிவப்போடு ஒரு கொரிய மாடு நிற்கும். எனக்குத் தனியாக ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பணியிடத்தில் மாடுகளுக்கு நன்றி தெரிவிப்பதைத் தவிர்க்கவும் என்று எழுதியிருந்தார்கள்.

8

இந்த வெற்றியைச் சொல்லத்தான் அண்ணனுக்குப் போன் போட்டேன். முழுக் கதையையும் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "சோப்பா போட்ட? அலாமா, படிச்ச கழுத!" என்றார். சிரித்து ஓய்ந்த பிறகுதான், பின்னால் மாட்டுச் சத்தமே இல்லை என்பது எனக்கு உறைத்தது.

"மாடெல்லாம்?"

"போயிருச்சு மா. போன வெள்ளிக்கெழம லோரி வந்துச்சு. ஏழையும் ஏத்தியாச்சு. அரமணி நேரம்கூட ஆவல."

"யார் வாங்கினா? வளக்கவா?"

"வளக்க யாரு வாங்குவா லா, இப்ப?"

தாத்தா காலத்தில் கப்பலில் வந்த நம் சனங்களோடு வந்து, தோட்டத்துப் புல்லையும் தோட்டத்து வெயிலையும் தாங்கிப் பழகிய மாடு அது. அதற்கு அறிவியலில் ஒரு பெயர்கூட உண்டு, உள்ளூர் இந்தியப் பால் மாடு. பரீட்சையில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன். நியாலாஸ் சுற்றுவட்டாரத்தில் மற்றவர்கள் சீமை மாட்டோடு கலந்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்து கலக்காமல் வைத்திருந்தவர் அண்ணன் ஒருவர்தான். பதினைந்து வருஷமாக ஊரான் மாட்டு முடியை உறையில் போட்டு எண் எழுதுகிறேன். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போய், வெள்ளச்சியின் கழுத்தைச் சொறிந்துவிட்டு, பால் குடித்துவிட்டு வந்தேன். ஒரு முடி பிடுங்கத் தோன்றவில்லை. என்னோடு படித்தவர்கள் மலேசியாவிலேயே ஆய்வுக்கூடங்களில் இருக்கிறார்கள், ஒரு போன் செய்திருந்தால் போதும். அண்ணன் நாலு தடவை கூப்பிட்டார். நான் மஞ்சளுக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த ஏழு மாட்டுக்கும் விளக்கம் கேட்டு யாரும் படிவம் நீட்டவில்லை.

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். பக்கத்தில் மீனா. பேச்சு புரியாவிட்டாலும் என் முகம் புரிந்துவிட்டது. என்ன என்று கேட்டாள். சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்து, "மாமா மாட்டுக் கயிறு எதையாவது வைத்திருப்பாரா? கயிற்றில் முடி ஒட்டியிருக்குமே, வேரோடு?" என்றாள்.

எனக்குத் தோன்றவேண்டியது அது. "அண்ணே, வெள்ளச்சி கழுத்துக் கயிறு இருக்கா? மணி கட்டின கயிறு?" என்றேன்.

"இருக்கு லா! அத மட்டும் குடுக்கல. நீ வந்தா குடுக்கலாம்னு எடுத்து வெச்சேன்."

மீனா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வெள்ளச்சி" என்றாள், சுத்தமான தமிழில்.

"அப்படியே வைங்க அண்ணே. கை படாம ஒரு கவர்ல போட்டு..."

"ஒண்ணும் பயப்படாத மா. ஒரே அழுக்கா, முடியும் சாணியுமா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. வெந்நீர்ல ஊறப்போட்டு, சோப்பு போட்டு, பிரஷ்ஷால தேச்சு, வெயில்ல காய வெச்சிருக்கேன். புதுக்கயிறு மாதிரி இருக்கு. உனக்குக் குடுக்குறதாச்சே!"

மீனா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாச் செஞ்சீங்க அண்ணே" என்றேன்.